தலையாட்டலுக்கு ஒரு சான்றிதழ்

ஐ.டி. நிறுவனங்கள் நடத்தும் கலாசாரப் பயிற்சியில் தவறாமல் தலைகாட்டும் ஸ்லைடு ஒன்று உண்டு. ஜெர்மானியர் முகத்துக்கு நேரே பேசுவார். அமெரிக்கர் பாராட்டிவிட்டுக் குறை சொல்வார். இந்தியர் எதற்கும் 'முடியாது' என்று சொல்ல மாட்டார். கடைசியில் சில கேள்விகளுக்கு டிக் அடித்தால் சான்றிதழ் வந்துவிடும். ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோகும் கதைதான் இது. அதிகாரமும் கடிகாரமும் செய்கிற வேலைக்குக் கலாசாரம் பழி சுமக்கிறது.

ஸ்லைடுக்கு முட்டுக்கொடுக்கும் எண்கள் பெரும்பாலும் ஆய்வாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டீட் தந்தவை. 1967 முதல் 1973 வரை பல நாட்டு ஐ.பி.எம். ஊழியர்கள் நிரப்பிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து 1980இல் அவர் புத்தகம் போட்டார். மேலே இருப்பவரின் அதிகாரத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று பார்க்கும் அவருடைய 'அதிகார இடைவெளி' அளவுகோலில் ஜெர்மனிக்கு 35, இந்தியாவுக்கு 77. ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்களின் பதில் ஒரு தேசத்துக்கே ஜாதகம் ஆகுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாட்டுச் சராசரியைத் தனி ஆள் தலையில் கட்டக் கூடாது என்று அவரே எச்சரித்தார். எச்சரிக்கை ஸ்லைடில் ஏறவில்லை, 77 மட்டும் ஏறிக்கொண்டது. ஆக, சோழிங்கநல்லூரில் கோட் எழுதும் இருபத்து மூன்று வயதுப் பெண், தன் அப்பா பள்ளிக்கூடம் போகும் முன்பே யாரோ நிரப்பிய தாளுக்கு இன்று பதில் சொல்கிறாள். வீட்டில் வரிசையாக வரும் வரன்களுக்கெல்லாம் 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு எந்த இடைவெளியும் குறுக்கே நிற்பதில்லை. கான்ஃபரன்ஸ் காலில் மட்டும் ஏன் தலையாட்டுகிறாள்? கிளையண்டுக்கு டெட்லைன் ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று. அப்ரைசல் எழுதப்போகிறவரும் அதே காலில் இருக்கிறார். போதாக்குறைக்கு, நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும், சான் பிரான்சிஸ்கோவின் காலை ஒன்பது மணி மீட்டிங் இங்கே இரவு ஒன்பதரையிலிருந்து பத்தரைக்கு நகர்ந்துவிடும். பத்தரை மணிக்கு 'முடியுமா?' என்று கேட்டால், 'முடியும்' என்பதுதான் தூங்கப் போகக் குறுக்கு வழி.

அப்படியானால் நாட்டுக்கு நாடு வித்தியாசமே இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. பொங்கலன்று ரிலீஸ் வைப்பவருக்கும், டிசம்பர் கடைசி வாரத்தில் மியூனிக்கிலிருந்து பதில் வரும் என்று காத்திருப்பவருக்கும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு ஒரு பக்கம் போதும். வெளிநாட்டு மேனேஜர்களும் பயிற்சிக்கு வருகிறார்களே என்பார்கள். வருகிறார்கள், நம் மௌனத்தைப் பரிவோடு புரிந்துகொள்கிறார்கள், புரிந்துகொண்டு மீட்டிங்கை அதே நேரத்தில் வைக்கிறார்கள். மீட்டிங் நேரத்தை மாதம் ஒரு பக்கமாக மாற்றிப் பார்க்கட்டும். நாள் குறிப்பதற்கு முன் வேலை செய்பவரைக் கேட்கட்டும். 'முடியுமா?' என்பதை விட்டு, 'எதைக் கழித்தால் முடியும்?' என்று கேட்கட்டும். அதற்குப் பிறகும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால், அது கலாசாரம்தான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். பரிசோதனைக்குச் செலவு அதிகமில்லை: கோடைக்காலத்தில் கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் காலை ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால், இங்கே மாலை ஆறரை. அவருடைய கலாசாரம் அதற்கு இடம் கொடுக்குமா என்பதற்குத்தான் இன்னும் ஸ்லைடு வரவில்லை.