வாசலில் ஒரு ஷாக் வைத்தியம்

காரின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சர்பர். உள்ளே எண்ணெய் சிறு துளைகளில் பிதுங்கி, குலுக்கலைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடும். திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரும் நாற்கரச் சாலையில் செத்த ஷாக்கும் உயிரோடிருப்பதுபோல் நடிக்கும். ஊருக்குள் முதல் வேகத்தடையில் குட்டு வெளிப்படும். வாசலிலேயே மாற்றத் துணிபவருக்கு ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டும் வேண்டும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாய்ச் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட்டில் அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் இறுக்காமல் மேல் நட்டைக் கழற்றினால், அது பக்கத்து வீட்டு மாடியை விசாரித்துவிட்டுத்தான் திரும்பும். துருவேறிய அடிப் போல்ட்டுக்குச் சமையலறைத் தேங்காயெண்ணெய் விடப்படும், போல்ட் மசியாது. இடம், வலம் ஜோடியாக மாற்றுவதே முறை. ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்றபிறகே முழுதாக முறுக்க வேண்டும். மிச்சம் வீல் அலைன்மென்ட். அதற்குக் கடைக்குத்தான் போகவேண்டும், அங்கே முதல் கேள்வி: “யாரு சார் மாட்டுனது?”