பேப்பர் லாமாவுக்குப் போட்டி

பழைய பேப்பர் வாங்கும் லாரி செலாயாங் தாமான்களுக்குள் நுழைந்து, "பேப்பர் லாமா... சுராட் காபார் லாமா..." என்று ஒலிபெருக்கியில் இழுத்துக்கொண்டே ஊர்ந்து வரும்போது பெரும்பாலான வீடுகளில் கேட் திறக்கும். ஒரு வீட்டில் மட்டும் அவசரமாகச் சாத்தப்படும். சாத்துகிறவர் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொலாஜ் படம் செய்கிறவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம். கட்டைவிரலில் காய்ந்த கோந்து தோல்போல் நிற்கும். பேசும்போது அதை உரித்துக்கொண்டே இருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கத்தரிக்கோல். நேரில் எல்லோருக்கும் அங்கிள். அந்தப் பக்கம் போனதும் 'வெட்டு அங்கிள்'. செலாயாங் ஜெயாவில் ஒருவர், செலாயாங் பாருவில் ஒருவர், பத்துமலைப் பக்கம் ஒருவர் என்று இந்த இனம் பரவிக் கிடக்கிறது. குணம் ஒன்றுதான் என்பதால் ஒரே ஆளாக வைத்துப் பேசுவோம்.

அங்கிள் பேப்பர் படிக்கும் அழகே தனி. "அமைச்சர் என்ன சொல்லியிருக்கார் பாத்தீங்களா அங்கிள்?" என்று கேட்டால், "பாத்தேன் லா, சட்டை நல்ல நீலம். கடலுக்கு ஆகும்" என்பார். நாம் ஒரு செய்தியை நீட்டினால் முதலில் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். தாளுக்கு இரண்டு பக்கம் என்பது அவருடைய வாழ்க்கையின் பெரிய சோதனை. முன்பக்கம் அருமையான வானம் இருக்கும். அதே இடத்தில் பின்பக்கம் ஒரு எருமை இருக்கும். வானத்தை வெட்டினால் எருமைக்குக் கால் போய்விடும். அதனால் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வாங்குகிறார். ஒன்று தனக்கு, ஒன்று மனைவிக்கு என்று எண்ணிக்கொண்டு கடைக்காரர் அந்தத் தம்பதியின் வாசிப்புப் பழக்கத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிலாகிக்கிறார்.

நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 2005-இல் பெரிய தாளைக் கைவிட்டுச் சின்ன அளவுக்கு மாறியது. எல்.ஆர்.டி.யில் கையை விரிக்காமல் படிக்கலாம் என்று மற்றவர்கள் மகிழ்ந்தார்கள். அங்கிள் இன்னும் ஆறவில்லை. "முழு வானமே வந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப பாதி மேகம்தான்" என்கிறார். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றபோது தமிழர்கள் எல்லாரும் வருந்தினார்கள். அவரும் வருந்தினார், உண்மையாகவே. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "தலைப்புல வர்ற பெரிய 'ழ' இனிமே எங்க கிடைக்கும்?" அன்று மாலையே, சேர்த்து வைத்திருந்த 'ழ'க்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடியை டேப்பால் ஒட்டிவிட்டார். 'ஸ்ரீ' டின் தனி. அது எப்போதும் நிரம்பியே இருக்கும்.

விடிவதற்கு முன்னால் செலாயாங் பசார் போரோங்கில் லாரிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் இடையில் அவரைப் பார்க்கலாம். காய்கறி மொத்த வியாபாரம் அவருக்குச் சம்பந்தமில்லை. அவருக்கு வேண்டியது அட்டைப் பெட்டி. வெளிநாட்டிலிருந்து வரும் ஆப்பிள் பெட்டியின் சிவப்பும் ஆரஞ்சுப் பெட்டியின் மஞ்சளும் எந்தக் கலைப்பொருள் கடையிலும் கிடைக்காது என்பது அவர் கட்சி. பெட்டியைச் சும்மா கேட்கக் கூச்சப்பட்டுப் பழமும் வாங்குவார். பழத்தையும் தேர்ந்தெடுப்பது ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான். அந்த வீட்டில் யாருக்கும் வைட்டமின் சி பற்றாக்குறை கிடையாது.

ஊரில் அவர் காலடி படாத ஒரே இடம் செலாயாங் மருத்துவமனை. 1999-இல் திறந்தபோதே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, காகிதமில்லா மருத்துவமனை என்று பெயர் வாங்கிய இடம். நாடே பெருமைப்பட்டது. "காகிதமே இல்லாத இடத்துல எப்படிம்மா உடம்பு தேறும்?" என்று சர்க்கரைப் பரிசோதனைக்குக்கூட வேறு கிளினிக்குக்குப் போகிறார். அங்கே மருந்து விளம்பரத் துண்டறிக்கைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. நுரையீரல் படம் போட்டது ஒன்று. அதைக் கவிழ்த்து வைத்தால் வாழைப்பூ.

எல்லாவற்றையும் வெட்டிவிடுகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாணப் பத்திரிகை வரும்போதுதான் அவருடைய சங்கடம் தெரியும். கனமான அட்டை, தங்க ஜரிகை அச்சு, குஞ்சலம் எல்லாம் கொலாஜுக்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் மேலே பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். பிள்ளையார் மேல் கத்தரி வைக்க முடியுமா? குப்பையில்தான் போட முடியுமா? இப்படித் தேங்கிய பிள்ளையார்கள் அலமாரியின் மேல்தட்டில் அடுக்கடுக்காக இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும்போது அந்தத் தட்டுக்கும் ஒரு சுற்று உண்டு. மளிகைக் கடைக் காலண்டரில் முருகன் வந்தால் ஒரு சமரசம்: மயிலை மட்டும் வெட்டிக்கொள்வார். வாகனம்தானே, கொஞ்ச நாள் இரவல். ரவி வர்மாவின் அச்சுப் படங்களுக்கு அந்தக் காலத்து வீடுகளில் பட்டுத் துணியும் சம்கியும் வைத்து ஒட்டி லட்சுமிக்குச் சேலை கட்டினார்களே, அதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். சாமிக்குச் சேர்த்து ஒட்டலாம், சாமியிலிருந்து வெட்டக் கூடாது. சாஸ்திரம் இப்படி முடிவாகிவிட்டது.

வீட்டம்மாவுக்கும் அவருக்கும் நடக்கும் வழக்கு ஸ்டோர் ரூம் பற்றியது. ஒரு காலத்தில் அங்கே அரிசி இருந்தது. வழக்கில் அங்கிள் பெரிய பெரிய சாட்சிகளைக் கூட்டி வருவார். பிக்காசோ 1912-இல் பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிக் கயிறு கட்டினாராம்; இன்று பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். "அது ஒரு துண்டுங்க. நீங்க வச்சிருக்கிறது ஒரு ரூம்." ஜெர்மன்காரர் ஷ்விட்டர்ஸ் பஸ் டிக்கெட்டையே ஓவியமாக்கினாராம். டிக்கெட் விஷயத்தில் அங்கிள் சூடுபட்டவர். டோல் ரசீது, பார்க்கிங் ரசீது, மாமாக் கடைப் பில் என்று அடுக்கி வைத்த ஒரு நகரம் மெல்ல மெல்ல வெளுத்துப்போனது. சூட்டில் எழுத்து பதிகிற தாள் அது. நாளானால் எழுத்து மறையும், வெயிலில் சூடேறினால் தாளே கறுக்கும். நகரத்தில் பாதி வெள்ளை, ஜன்னலோரப் பாதி கறுப்பு. வந்த விருந்தாளி ஒருவர் அதைத்தான் உயர்ந்த கலை என்றார்.

அங்கிளின் கடைசிச் சாட்சி மேரி டிலேனி. இங்கிலாந்தில் பிறந்தவர், கணவரை இழந்தவர். 72 வயதில் வண்ணக் காகிதத்தை வெட்டிப் பூக்கள் செய்ய ஆரம்பித்து, சுமார் பத்தாண்டில் ஏறத்தாழ ஆயிரம் பூக்கள். இதழுக்கு இதழ், நரம்புக்கு நரம்பு. இன்றைக்கும் பிரிட்டிஷ் மியூசியத்தில் பாதுகாக்கிறார்கள். "72 வயசும்மா! எனக்கு இன்னும் வருஷம் கிடக்கு" என்று அங்கிள் குரலை உயர்த்துவார். வீட்டம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்பார்: "அந்தம்மா வீட்டை யாருங்க கூட்டுனது?"

இவ்வளவும் சேர்த்து என்ன செய்தார் என்று கேட்கிறீர்கள். அடுக்குகிறார். சாப்பாட்டு மேசை முழுக்கத் துண்டுகளைப் பரப்பி, யானையை இடப்பக்கம் வைப்பார், எடுப்பார், பெட்ரோனாஸ் கோபுரத்தின் உச்சியில் வைப்பார், எட்ட நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். குடும்பம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடும். மின்விசிறி கூடாது, செலாயாங் வெக்கையில் எல்லோரும் வியர்த்துக் கிடக்க, காகித யானை அசையாமல் நிற்கும். பேரன் தும்மினால் கூச்சல். ஆனால் ஒட்ட மாட்டார். "இன்னும் செட் ஆகலை" என்பார். கோந்துப் புட்டியைத் திறப்பார், முகர்வார், மூடுவார்.

எனக்கு அவரைப் புரிகிறது. வைத்துப் பார்க்கிறவரை யானை எங்கே வேண்டுமானாலும் போகலாம். கோந்து பட்ட கணத்தில் அதற்கு முகவரி வந்துவிடும். பயமும் நியாயமானதுதான். தண்ணீர்ப் பசை பட்டால் மெல்லிய தாள் உப்பிச் சுருங்கும், நம் ஈரக் காற்றில் அட்டை வளையும். செய்தித்தாளில் மரக்கூழ் அப்படியே இருப்பதால் வெளிச்சத்தில் பழுத்துவிடும். மைதாப் பசை காய்ச்சினால் கரப்பான் பூச்சி குடும்பத்தோடு வரும்.

இருபத்து நாலு மணி நேரமும் அவர் மனதில் இருப்பது ஒரு பத்துமலைப் படம். 42.7 மீட்டர் முருகன் சிலைக்குத் தங்க நிறம் பிடிக்க, சூப்பர்மார்க்கெட் துண்டறிக்கைகளிலிருந்து சமையல் எண்ணெய்ப் புட்டிகளையும் நகைக்கடை விளம்பரங்களையும் வருஷக்கணக்காய்ச் சேர்த்தார். 272 படிகளையும் ஒரு வழியாகப் பழைய நிறத்தில் அடுக்கி முடித்து, கோந்தைத் திறந்தார். அது 2018 ஆகஸ்ட். படிகளுக்கு வானவில் வர்ணம் பூசிவிட்டார்கள். தேசியப் பாரம்பரியத் துறையின் அனுமதி வாங்கவில்லை என்று ஊரில் பெரிய சர்ச்சை. "என்கிட்டயும்தான் கேக்கல" என்றார் அங்கிள்.

அவர் உண்மையிலேயே ஒட்டி முடித்துச் சட்டமும் போட்டது ஒன்றே ஒன்று. மைத்துனருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தபோது வீட்டம்மா கெடு வைத்துச் செய்யச் சொன்ன குடும்பப் படம். தலைமுறைப் புகைப்படங்களை வெட்டி, ரப்பர்த் தோட்டத்தில் நிற்கும் தாத்தா மடியில் போன வருஷம் பிறந்த கொள்ளுப்பேத்தியை உட்கார வைத்திருந்தார். மண்டபமே கண் கலங்கியது. அப்புறம்தான் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. பெரியம்மாவின் தோள்மேல் யாரோ ஒருவர் கை இருக்கிறது, கைக்குரியவர் இல்லை. "என்னோட ஒரு காது எங்கடா?" என்று சித்தப்பா தேடினார். கோபித்துக்கொண்டு தனியே போய்விட்ட மருமகன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய செம்பருத்தி பூத்திருந்தது. மலேசிய நாட்டுப் பூ என்பதால் யாரும் வாய் திறக்க முடியவில்லை.

அந்த மருமகனின் அம்மா மட்டும் கிட்டே வந்து கேட்டார். "என் பையன் எங்கண்ணே?"

"பூவுக்குக் கீழதாம்மா இருக்காரு. முழுசா இருக்காரு. ஓரத்துல மட்டும்தான் கம் தொட்டிருக்கேன். ரெண்டு பேரும் சேந்துட்டாங்கன்னா ஒரு போன் போடுங்க, ஹேர் டிரையர் எடுத்துட்டு வந்துடறேன்."