ஐஸ் கேட்பவர்

ரோமில் ஜூலை மாத மதிய வெயிலில் இந்த அமெரிக்கச் சுற்றுலாப் பயணியைத் தேட வேண்டியதே இல்லை. பளீரென்ற வெள்ளை ஷூ, பேஸ்பால் தொப்பி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்பது போன்ற தண்ணீர்க் குவளை. குரல் மூன்று மேசை தாண்டிக் கேட்கும். நல்ல மனிதர்தான். ஓட்டலுக்குள் காலெடுத்து வைக்கும்போதே, "எப்படி இருக்கீங்க?" என்று முகம் மலர சர்வரை விசாரிப்பார். சர்வர் திகைப்பார்: இவர் எந்த வழியில் நமக்குச் சொந்தம்?

கோக் கேட்பார். சின்ன பாட்டில் வரும். தம்ளரில் எண்ணி இரண்டு ஐஸ் கட்டி. ஒரே மடக்கில் முடித்துவிட்டுத் தம்ளரை நீட்டியபடி காத்திருப்பார். அமெரிக்காவில் காலித் தம்ளரை யாராவது வந்து நிரப்பிவிடுவார்கள், காசு ஒருமுறைதான். இங்கே மறு பாட்டிலுக்கு மறு பில். தண்ணீருக்கும் காசு, கேட்காமல் வந்த ரொட்டிக்கும் காசு. போகட்டும் என்று, வயிறு முட்ட பாஸ்தா தின்றபின் கப்புச்சினோ கேட்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் முடிந்ததும் இட்லி கேட்டவரைப் பார்ப்பதுபோல் சர்வர் பார்ப்பார். பால் காப்பி இத்தாலியருக்குக் காலையோடு சரி.

அடுத்து ஸ்பானிஷ் படிக்கட்டு. அதன் பக்கத்தில் 1986இல் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது ஊர் கொதித்ததும், அந்தச் சூட்டில் இத்தாலியர் கார்லோ பெத்ரினியின், துரித உணவுக்கு எதிரான 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் வளர்ந்ததும் அவருக்கு அத்துப்படி. இன்று ரோம்காரர்களைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம். "எங்க போனாலும் நம்ம ஊர்க் கடைதான்னா, இவ்வளவு தூரம் பறந்து வருவானேன்?" என்று மனைவியிடம் பொருமுவார், அந்தக் கடை வரிசையில் நின்றபடி. ஐஸ் வேண்டுமே! முன்னால் நிற்பவர்கள் எல்லாம் ரோம் நகரத்துப் பிள்ளைகள்.

பெரிய கப் நிறைய ஐஸோடு படிக்கட்டில் உட்காருவார். விசில் ஊதிக்கொண்டு போலீஸ் வரும். 2019இலிருந்து அங்கே உட்காரத் தடை. 400 யூரோ வரை அபராதம்.

இரவுச் சாப்பாட்டில் கோபமெல்லாம் மறந்து 20 சதவீதம் டிப்ஸ் வைப்பார். பழக்கதோஷம். அவர் நாட்டு மத்தியச் சட்டத்தில், டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991க்குப் பிறகு அது ஏறவே இல்லை. மிச்சம் பெரும்பாலும் சாப்பிட வந்தவர் தலையில்தான். சம்பளம் வாங்கும் ரோம் சர்வர் இதையெல்லாம் விளக்கி அவர் மனதைப் புண்படுத்துவதில்லை; நோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

பக்கத்து மேசை ஜெர்மன் தம்பதி வழக்கம்போல் பில்லோடு இரண்டு யூரோ சேர்த்து வைக்கிறார்கள். நேற்றுவரை அது தாராளம். இன்று சர்வர் அந்த நாணயத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்க்கிறார்.