கேனுக்கு வந்த மவுசு

திருவொற்றியூரில் நான் வளர்ந்த எண்பதுகளில் கேன் என்றால் கிருஷ்ணாயில் கேன்தான். சமையல் எண்ணெய் வந்த வெள்ளை பிளாஸ்டிக் கேன், நாளாவட்டத்தில் பழுப்பேறியிருக்கும். மூடியின் மரை தேய்ந்துபோனதால் பால் கவரை மடித்து வைத்து, மேலே மூடியை அமுக்கித் திருக வேண்டும். ரேஷன் கடைக்கு எண்ணெய் வருகிறதென்று தெரிந்தால் விடிவதற்குள் கேன்கள் வரிசையில் நின்றுவிடும். ஆட்கள் நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். எந்தக் கேன் யாருடையது என்று அடிதடியே நடக்கும் என்பதால் அம்மா எங்கள் கேனின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். புனலில் ஊற்றி முடித்த பிறகும், அளவுக் குவளையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு விழும்வரை அவள் நகர மாட்டாள். அக்கா காலேஜில் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கேனைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கேனோடு நடப்பது அவ்வளவு கௌரவக் குறைச்சல்.

சித்தப்பாவிடம் ஒரு செகண்ட் ஹேண்ட் புல்லட் இருந்தது. 1955-ல் எங்கள் ஊரிலேயே தொடங்கிய ஆலையில் பிறந்த வண்டி. அது நடுவழியில் நின்றாலும் யாரும் குறை சொல்லக் கூடாது. பெட்ரோல் தீர்ந்தால் டேங்குக்கு அடியில் இருக்கும் குழாயை ரிசர்வுக்குத் திருப்புவார். ரிசர்வும் தீர்ந்தால் வண்டியைக் குழாய்ப் பக்கம் சாய்த்துக் குலுக்குவார். பிறகு டேங்க் மூடியைத் திறந்து வாய் வைத்து ஊதுவார். அதற்கும் மசியாவிட்டால்தான் பக்கப் பெட்டியிலிருந்து பெட்ரோல் பாட்டில் வெளியே வரும். எங்களுக்கு வெளிநாடு ஆந்திர எல்லையில் தடா செக்போஸ்ட்டில் ஆரம்பித்தது. சூளூர்ப்பேட்டை கோயிலுக்குப் போகிற நாளில் பாட்டில் இரண்டாகும்.

காசிமேட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் சிரிப்பு. நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் போட்டுக்கு டீசலைக் கணக்குப் பார்த்து ஏற்றாவிட்டால், கடலுக்குள் எந்த பங்கைத் தேடுவது? இன்றைக்கும் ஃபைபர் போட்டில் வலைக்குப் பக்கத்தில் கேன் கட்டிக் கிடக்கும். அதை யாரும் சாகசம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

சாகசம் பிற்பாடு வந்தது, அதுவும் எங்கள் புல்லட் கம்பெனி மூலமாகவே. 2016-ல் வந்த ஹிமாலயனில் டேங்குக்கு இருபுறமும் கம்பிச் சட்டம் உண்டு. ஜெர்ரி கேன் மாட்டிக்கொள்ளலாம். கேனைத் தொட மறுத்த அந்த அக்காவின் பையன்தான் வாங்கினான், கேனோடு சேர்த்து. அக்கா அந்தக் கேன் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள்.

இந்த ஜெர்ரி கேன் 1937-ல் ஜெர்மானிய ராணுவத்துக்காகச் செய்யப்பட்டது. 20 லிட்டர், மேலே மூன்று கைப்பிடி: ஒருவர் நடுப்பிடியைப் பிடித்துத் தூக்கலாம், இருவர் ஆளுக்கொரு ஓரமாகவும் பிடிக்கலாம். பிரிட்டிஷ்காரர்கள் அப்போது வைத்திருந்தது நாலு காலன் தகர டின், நம் பழைய சதுர டின்னின் ஜாடை. பாலைவனத்தில் அது ஒழுகியே பாதி யுத்தத்தைத் தோற்கடிக்கப் பார்த்தது. பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1939-ல் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரிலேயே வந்தார். ஜெர்மானிய நண்பர் மூலம் கிடைத்த மூன்று கேன்களும் வண்டியில் இருந்தன. அவசரத்துக்குக் குடிதண்ணீர் வைத்துக்கொள்ளத்தான். கல்கத்தாவில் காரை நிறுத்திவிட்டு ஊர் திரும்பி, அந்தக் கேனின் அருமையைத் தம் ராணுவத்துக்கு எடுத்துச் சொன்னார்.

அக்கா பையன் போனது நேபாளத்துக்கு. ரக்சௌல் தாண்டி பீர்கஞ்சில் வண்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போனால் நெடுஞ்சாலை நெடுக பங்க். அங்கே விற்பதும் இந்தியாவிலிருந்து போகும் எண்ணெய்தான். 2015-ல் எல்லை அடைபட்டு மாதக்கணக்கில் நேபாளமே தவித்தபோது போயிருந்தால் கேனுக்கு வேலை இருந்திருக்கும். 2019-ல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் குழாயே போட்டுவிட்டார்கள். இரண்டு கேனையும் காலியாகவே இமயமலை சுற்றிக் காட்டிவிட்டு வந்தான்.

இதற்கிடையில் எண்ணெயைத் தேடி நாங்கள் அலைந்த காலம் போய், எண்ணெய் எங்களைத் தேடி வர ஆரம்பித்திருந்தது. 2013-ல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரோடு டீசல் வந்தது. நிலத்தடியில் போகும் எண்ணெய்க் குழாயில் கசிவு. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் ஆட்கள் அதை வாளி வாளியாக அள்ளினார்கள். எண்ணெய் பம்பில் வர, தண்ணீர் கேனுக்கு மாறிவிட்டது. அதுவும் 20 லிட்டர்தான். வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது, ரிப்பன் கட்ட வேண்டியதில்லை.

போன மாதம் அந்தத் தண்ணீர் கேன் போடும் பையனின் வண்டி, பின்னால் நாலு கேனோடு எங்கள் தெருமுனையில் பெட்ரோல் தீர்ந்து நின்றது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பங்குக்கு ஓடினான். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்ற மாட்டோம் என்று பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அதுவும் நியாயம்தான். 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டம் விற்பனைக்கில்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அதற்கேற்ற பாத்திரத்தில். தெருவிலேயே அப்படிப்பட்ட பாத்திரம் இருக்கும் வீடு ஒன்றுதான்.

"அண்ணா, அந்தக் கேனைக் கொஞ்சம் குடேன், அஞ்சு நிமிஷத்துல கொணாந்துடறேன்."

அக்கா பையன் என்னைப் பார்த்தான். "இன்னா மாமா, அடுத்த வாட்டி பூட்டான் போறதுக்கு வச்சிருக்கேன்."

கடைசியில் கொடுத்தான். கொடுக்குமுன் கேனின் நாலு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டான், திரும்பி வரும்போது கீறல் இருந்தால் காட்ட.