முட்டுக்கட்டைக்காரரைக் கேளுங்கள்

● பிள்ளையார்பாளையம் வாசகர்: நடுத்தர சைஸில் ஒரு எஸ்யூவி வாங்கி, பின்னால் படுக்கை, அடுப்பு வைத்த சின்ன டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை. எத்தனை குதிரைசக்தி இருந்தால் போதும்?

குதிரைகளை அப்புறம் எண்ணலாம். வைகாசி பிரம்மோற்சவத்தில் வரதராஜர் தேர் ஓடும்போது வடத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பாருங்கள். வடம் பிடிக்க ஊரே வரும். உருளும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தவர்கள் சில பேர்தான். தேர் நிலைக்கு வந்து சேர்வது அவர்கள் தயவில். டிரெய்லர் விஷயமும் இதுதான். இன்றைய டீசல் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை சமதரையில் ஒரு டன்னை முணுமுணுக்காமல் இழுத்துவிடும். நிறுத்தும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். வண்டி இரண்டு டன், டிரெய்லர் ஒரு டன். அடக்க வேண்டிய எடை ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. வேகம் 60-லிருந்து 80-க்கு ஏறினால் ஓட்டத்தின் ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இரண்டையும் பெருக்கினால், தனி வண்டி 60-ல் போனபோது பிரேக் செய்த வேலையைப் போல 2.7 மடங்கு வேலை. அதனால் ஷோரூமுக்குள் நுழைவதற்கு முன்பே டிரெய்லர் செய்பவரிடம் கேட்டுவிடுங்கள்: "இதுக்குன்னு தனியா பிரேக் இருக்கா?" இல்லை என்று தலையாட்டினால் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

● அதே வாசகர்: சுற்றி வளைக்காமல் ஒரு பெயர் சொல்லுங்களேன்.

ஸ்கார்ப்பியோ-என், டீசல், ஆட்டோமேட்டிக். 2.2 லிட்டர் எஞ்சின், 175 குதிரைசக்தி, 400 நியூட்டன் மீட்டர் டார்க், லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உடம்பு. உள்ளூர்ப் பெருமையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். உற்பத்தி மகாராஷ்டிரத்துச் சாக்கனில் என்றாலும், பொறியியல் வேலை நடந்தது மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள ஆராய்ச்சி மையத்தில். 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை அந்த இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம்.

ஆனால் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் பெருமை அல்ல, ஆஸ்திரேலியா. அங்கே இதே வண்டி ஏற்றுமதியாகிறது. அங்கே இழுவை எடையை எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 2500 கிலோ, பிரேக் இல்லாதது என்றால் 750 கிலோ. ஒரே வண்டி, ஒரே எஞ்சின், ஒரே கொக்கி. நடுவில் இருக்கும் 1750 கிலோவும் டிரெய்லர் சக்கரத்தில் இருக்கும் பிரேக்கின் சம்பாத்தியம். (குட்டி ஜிம்னியே அங்கே பிரேக்கோடு 1300 கிலோ, பிரேக் இல்லாவிட்டால் 350. அதுவும் இந்தியாவில் செய்த ஐந்து கதவு வண்டிதான்.) ஃபார்ச்சூனர் 3100 கிலோ வரை போகும். அதை வாங்கும் வசதி இருப்பவர் டிரெய்லரில் ஏன் தூங்கப் போகிறார்?

● ஓரிக்கை வாசகர்: என்னிடம் க்ரெட்டா டீசல் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் செய்தது, நம்ம மண் வண்டி. இது இழுக்காதா?

116 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர். கால் டன், அரை டன் என்றால் இழுக்கும் திராணி இருக்கிறது. அனுமதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கும் கையேட்டை இன்றைக்காவது பிரியுங்கள். இந்தியாவில் விற்கும் பல கார்களின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். உங்கள் கையேட்டில் அந்த வரி இருந்தால், விபத்துக்குப் பிறகு அதை நிறுத்தி நிதானமாக உங்களுக்கு வாசித்துக் காட்ட இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒருவர் இருப்பார். கிளெய்ம் படிவத்தில் மண் பாசத்துக்குக் கட்டம் இல்லை.

● சின்ன காஞ்சிபுரம் வாசகி: ஏழு சீட் வண்டி எடுக்கப் போகிறோம். அத்தை, மாமா எல்லாரும் வருகிறார்கள். பின்னால் ஒரு டன் டிரெய்லர். சரியா வருமா?

டிரெய்லர் தன் எடை முழுவதையும் தன் சக்கரத்திலேயே தாங்காது. மூக்கு வழியாக ஒரு பங்கை உங்கள் கொக்கியின் மேல் வைக்கும். அமெரிக்கக் கணக்கில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்கு வரை. ஐரோப்பாக்காரர்கள் இன்னும் குறைவாக வைப்பார்கள். ஒரு டன்னுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வண்டி தன் வெறும் எடைக்கு மேல் 500 கிலோ தாங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். தலைக்கு 65 கிலோ வீதம் ஏழு பேர் 455. கொக்கியோடு 555. ஒரு பை கூட ஏற்றாமலே 55 கிலோ அதிகம். ஆக, அத்தை அல்லது டிரெய்லர். முடிவை நீங்களே அத்தையிடம் சொல்லிவிடுங்கள், என் பெயரை இழுக்காதீர்கள்.

● அதே வாசகி: டிரெய்லருக்குள்ளேயே குடலை இட்லி செய்துகொள்ளலாமா?

மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் மணிக்கணக்காக ஆவியில் வேகிற இட்லி அது. வீட்டு சிலிண்டரில் வாயு 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 30. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, 60 லிட்டர் தொட்டி நிரம்பினால் 60 கிலோ. வெறும் டிரெய்லரின் எடையைப் பார்த்து வண்டி வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அடுப்பு, மெத்தை, தண்ணீர், அரிசி எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். இட்லியை வரதராஜர் கோயிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ருசியும் அங்கேதான்.

● வாலாஜாபாத் வாசகர்: தெரிந்த வெல்டிங் பட்டறைக்காரர் பாதி விலைக்கு டிரெய்லர் செய்து தருகிறேன் என்கிறார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன சொல்வார்கள்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ஐப் பொறுத்தவரை எஞ்சின் இல்லாவிட்டாலும் டிரெய்லர் ஒரு மோட்டார் வாகனம். தனிப் பதிவு வேண்டும், தனி எண் வேண்டும். அந்த எண் டிரெய்லரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். பதிவுக்குப் போனால் செய்தவர் கையெழுத்திட்ட படிவம் 22 கேட்பார்கள், சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று அது. பட்டறைக்காரர் நல்ல மனிதராக இருக்கலாம், வெல்டிங்கும் கச்சிதமாக இருக்கலாம், படிவம் 22-க்கு எங்கே போவார்?

கொக்கிக்கும் இதே தலைவலி உண்டு. பதிவுப் புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆவது பிரிவு. 2017 டிசம்பரில் இதே பிரிவைக் காட்டித்தான் முன்பக்கக் கம்பி பம்பர்களைக் கழற்றச் சொன்னார்கள். ஆக, கம்பெனியே தரும் கொக்கியா, அதை ஆர்.சி.யில் ஏற்றுவார்களா, டிரெய்லருக்கு இன்ஷூரன்ஸ் தனியாக எழுதுவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு முன்பணம் கொடுங்கள். தரகர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்பார். செக்போஸ்ட்டில் நிற்கப் போவது அவர் இல்லை.

● ஐயம்பேட்டை நெசவாளர்: இதே டிரெய்லரில் சேலைகளை ஏற்றிக்கொண்டு கண்காட்சிகளுக்குப் போனால் லாட்ஜ் செலவும் மிச்சம், லாரி வாடகையும் மிச்சம் அல்லவா?

யோசனை அருமை, ஆனால் சரக்கு ஏற்றப் பயன்படும்போது எந்த வண்டியும் சட்டத்தின் கண்ணில் சரக்கு வண்டிதான். சொந்த உபயோகம் என்று எழுதிய பாலிசி அங்கே கையை விரித்துவிடும். முறையாகச் சரக்கு டிரெய்லராகவே பதிந்து, பாலிசியையும் அப்படியே எடுத்தால் வேறு கதை. இன்னொன்று, ஈரக் காற்றும் சமையல் புகையும் உள்ள அதே பெட்டியில் பட்டையும் ஜரிகையையும் வைப்பதா? உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

● செவிலிமேடு வாசகர்: ராஜ வீதியில் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க முடியுமா?

முடியும், நள்ளிரவு இரண்டு மணிக்கு. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், குழப்பம் தீரும். குட்டி டிரெய்லர் சுலபம் என்று நினைக்காதீர்கள், நீளமானதைவிடக் குட்டைதான் சட்டென்று மடங்கும். முதல் பாடத்துக்குக் காலி மைதானம் தேடுங்கள், காந்தி ரோடு வேண்டாம்.

● பெயர் வேண்டாம், காஞ்சிபுரம்: டிரெய்லருக்கு பிரேக் எல்லாம் எதற்கு, நான் பார்த்து ஓட்டுவேன் என்கிறார் என் வீட்டுக்காரர்.

அவர் பார்த்து ஓட்டுவார். குறுக்கே வரும் மாடு பார்த்து வருமா?

● ஸ்ரீபெரும்புதூர் வாசகர்: பெங்களூரு ஹைவேயில் பஸ் ஓவர்டேக் செய்தால் டிரெய்லர் வாலாட்டும் என்கிறார்களே?

ஆட்டும். பாரத்தைப் பின்னால் குவித்திருந்தால் பஸ் வராமலே ஆட்டும். சாமான்களில் பாதிக்கு மேல் டிரெய்லர் அச்சுக்கு முன்பக்கம் இருக்கட்டும், கனமானவை தரையோடு தாழ்வாக இருக்கட்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடியுங்கள். டிரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக் இருந்தால் அதன் கைவிசையை மட்டும் மெதுவாக அழுத்தலாம். பின்னால் இருப்பது இழுத்துப் பிடிக்க, கோர்வை தானாக நேராகும். எஸ்யூவியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் இந்த ஆட்டத்துக்கு அசைந்து கொடுக்காது. அலங்காரச் சக்கரம், சன்ரூஃப் பற்றி சேல்ஸ்மேன் பேசும்போது நீங்கள் இதைக் கேளுங்கள், அவர் மேனேஜரைக் கூப்பிடப் போவார்.

● உத்திரமேரூர் வாசகர்: ஏலகிரி ஏறலாமா?

14 கொண்டை ஊசி. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் மூன்றாவது வளைவில் வாசனை வரும், அது அடிவாரத்து வடை இல்லை. ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் வகை நல்லது. ஏ.எம்.டி. வகையில் கிளட்ச் பாவம், சிவிடி சூடாகிப் புலம்பும்.

● அதே வாசகர்: எலக்ட்ரிக் எஸ்யூவி?

பிக்கப்பில் டீசலைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால் உயரமான டிரெய்லரை மாட்டினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். சார்ஜ் போடும் இடத்தில் டிரெய்லரைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி உங்கள் இடுப்பும் பாதியாகும்.

● ஸ்கார்பரோ, கனடா, வாசகர்: அம்மா ஊர் காஞ்சிபுரம். கோடையில் அல்கோன்குவின் காட்டுக்கு சின்ன டிரெய்லரோடு போக ஆசை. ராவ்4 ஹைபிரிட் போதுமா, ஹைலேண்டர் வேண்டுமா?

உங்களுக்கு எங்களைப் போல் ஊகிக்கும் தொல்லை இல்லை, எல்லாம் அச்சில் இருக்கிறது. 2025 மாடல் வரையிலான ராவ்4 ஹைபிரிட்டுக்கு 1750 பவுண்டு, அதாவது 800 கிலோவுக்குச் சற்றுக் கீழே. கண்ணீர்த்துளி வடிவத்தில் இரண்டு பேர் படுக்கிற டிரெய்லருக்குச் சரி. உள்ளே நின்றுகொண்டு சட்டை மாற்ற வேண்டும் என்றால் ஹைலேண்டர் பெட்ரோல், 5000 பவுண்டு. ஹைலேண்டர் ஹைபிரிட் 3500 தான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 16 அடி ஏர்ஸ்ட்ரீம் பேஸ்கேம்ப் நிறைந்தால் அந்த 3500-ஐத் தொட்டுவிடும். எல்லையை ஒட்டி வாங்குவது எனக்குப் பிடிக்காது, ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வையுங்கள். ஒன்டாரியோவில் மொத்த எடை 1360 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்கு பிரேக் சட்டப்படியே கட்டாயம். நான் அதற்குக் கீழேயும் போடச் சொல்வேன். ஜி வகுப்பு லைசென்ஸ் போதும்.

● அதே வாசகர்: ஓடும்போது அம்மா டிரெய்லரில் படுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒன்டாரியோ சட்டமே தடுக்கிறது. அம்மாவுக்கு முன்சீட்டைக் கொடுங்கள்; வழி சொல்ல ஆள் வேண்டாமா?

● காஞ்சிபுரம் லாட்ஜ் உரிமையாளர்: எல்லோரையும் டிரெய்லர் வாங்கச் சொல்லி என் பிழைப்பைக் கெடுக்கிறீர்களே?

யாரையும் வாங்கச் சொல்லவில்லை ஐயா, கேட்டவர்களுக்குச் சொன்னேன். வருஷத்தில் இரண்டு தடவை மட்டும் போகிறவர்களுக்கு என் சிபாரிசு வாடகை கேரவன்தான். எஞ்சினும் படுக்கையும் ஒரே உடம்பில் இருக்கும் அந்த வகைக்கு நம் நாட்டில் ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரவிதியே உண்டு, கொக்கி வம்பு இல்லை. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே கொண்டுவந்துவிட்டது. நீங்கள் பின்பக்கக் காலி இடத்தில் ஒரு பிளக் பாயின்ட், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவுநீர்க் குழி போட்டுப் பாருங்கள். அறை கட்டாமலே வாடகை வரும்.

● திருவண்ணாமலை வாசகர்: 2059-ல் அத்தி வரதர் தரிசனத்துக்கு எஸ்யூவி, டிரெய்லர் சகிதம் வந்து தங்கலாமா?

2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் கூட்டத்தில் சாதாரணக் காரையே ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் வந்தார்கள். தாராளமாக வாருங்கள், வெளியே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஆர்.சி. ஆயுள் 15 வருஷம். 2059-க்குள் எஸ்யூவி இரண்டு மாறியிருக்கும். முதல் எஸ்யூவியின் தவணை முடிந்திருக்குமா என்பதை உங்கள் பாங்கில்தான் கேட்க வேண்டும்.