குறுக்கு வலிக்கு ஒரு குறுக்கு வழி

நாற்பது வயதுக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரியம் சுலபமில்லை. முதுகெலும்பு லேசுப்பட்ட ஆளில்லை. பிறக்கும்போது 33 முள்ளெலும்புகள். அடியில் உள்ளவை ஒட்டிக்கொள்வதால் பெரியவர்களுக்கு 26. நேர்க்கம்பியாக இருந்திருந்தால் எப்போதோ ஒடித்திருக்கலாம். நான்கு வளைவுகளோடு நின்று, குதித்தால்கூட அதிர்ச்சியை வாங்கிக்கொண்டுவிடுகிறது.

ஆகவே எலும்போடு மோதாதீர்கள். நடுவில் இருக்கும் ஜவ்வைக் குறிவையுங்கள். மொத்தம் 23 இருக்கின்றன. வெளியே நார் வளையம், உள்ளே தண்ணீர் நிறைந்த கூழ். அந்தக் கூழுக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. நாம் அசைய அசைய அக்கம்பக்கத்திலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. பட்டினி போடும் வழி இந்நேரம் புரிந்திருக்கும். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழ வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

பகலெல்லாம் பிழியப்பட்டு நீர் இழப்பதால் சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குட்டையாகிவிடுகிறோம். ராத்திரி படுத்ததும் ஜவ்வு மறுபடி ஊறிவிடும். விடாதீர்கள்! தலையணையை அண்டக்கொடுத்து, கூன் போட்டு, நடுநிசிவரை போன் பாருங்கள்.

இத்தனையும் மெதுவான வழி. அவசரக்காரர்களுக்குத் தண்ணீர் கேன் இருக்கிறது. 20 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. கேன் போடுகிறவர் வாசலில் வைத்துவிட்டுப் போனதும் கால்களைச் சேர்த்து நில்லுங்கள். முழங்காலை மடக்கிவிடாதீர்கள், காரியமே கெட்டுவிடும். இடுப்பிலிருந்து குனிந்து, கையை நன்றாக நீட்டிக் கழுத்தைப் பிடியுங்கள். உடம்பை ஒட்டிப் பிடித்தால் பாரம் குறைந்துபோகும், ஜாக்கிரதை. தம் கட்டி ஒரே தூக்கு. பாதி நிமிர்ந்ததும் பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் டிஸ்பென்சர் பக்கம் திருப்புங்கள். குனிதலும் திருகலும் சேரும் அந்த நொடிதான் முகூர்த்தம். நார் வளையம் கிழிந்து கூழ் பின்பக்கமாகப் பிதுங்கும். நரம்பும் அங்கேதான் இருக்கிறது. 1960களில் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் உயிருள்ள மனிதர்களின் ஜவ்வுக்குள்ளேயே ஊசியைச் செருகி அழுத்தத்தை அளந்தார். முதுகை வளைத்துத் தூக்கும்போது அது எகிறுகிறது என்று அவர் கண்டதை நீங்கள் ஊசியில்லாமலே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிதுங்கிய ஜவ்வு எது என்று ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் எல்4-எல்5, இல்லையென்றால் எல்5-எஸ்1 என்று வரும்; இரண்டும் இடுப்பின் அடியில் இருப்பவை. வலி இடுப்போடு நிற்காமல் பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று பாதம்வரை மின்சாரம்போல் இறங்கினால் முழு வெற்றி.

கிடைத்ததைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகிவிடும் அபாயம் உண்டு. முடிந்த அளவு நடமாடச் சொல்வார் டாக்டர். கேட்காதீர்கள், படுத்த படுக்கையாகவே கிடங்கள். தசை இளைத்து, அடுத்த வலிக்கு அதுவே அடித்தளம் போடும். நடுவில் யாராவது முதுகில் ஏறி மிதித்து ஜவ்வை உள்ளே தள்ளிவிடுவதாகச் சொன்னால் தாராளமாகக் குப்புறப் படுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்த வழிகாட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முதுகு வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.