உறுமட்டும், விடுங்கள்

நெடுஞ்சாலை தாபா வாசலில் நிற்கும் லாரியைப் பார்த்து "இன்ஜினை ஆஃப் பண்ணலாமே" என்று கேட்பவர்களை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. டீசல் இன்ஜினை நினைத்தபோதெல்லாம் அணைப்பதா? டிரைவர் அண்ணன் பரோட்டா சாப்பிட்டு, கயிற்றுக் கட்டிலில் ஒரு தூக்கம் போட்டு எழும்வரை அது உறுமிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

காரணங்களா இல்லை? டர்போ ஆற வேண்டும். அதற்குச் சில நிமிடம் போதுமாம். 2 மணி நேரம் கொடுத்தால் இன்னும் நன்றாக ஆறுமே! கடுங்குளிரில் டீசலில் மெழுகு கட்டும். சைபீரியாவில் கட்டுவது சித்திரை வெயிலில் நாமக்கல்லில் கட்டாது என்று யார் உத்தரவாதம் தருவது?

நின்றபடியே மணிக்கு 2, 3 லிட்டர் குடிக்குமாம். குடிக்கட்டும், உழைக்கிற வண்டி. சூடு போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து உள்ளே கரி படியுமாம். தாபா தோசைக்கல்லிலும்தான் கரி படிகிறது, ருசி குறைந்துவிட்டதா? 2020-இல் வந்த பிஎஸ் 6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்க வடிகட்டியே வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டாமா?

இதை வைத்து அண்ணனுக்குச் சிக்கனம் தெரியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே லாரி தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பாருங்கள். பின்னால் டன் கணக்கில் சரக்கு, முன்னால் சரிவும் வளைவும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியையும் திருப்பிவிடுவார். டீசல் என்ன சும்மாவா வருகிறது?